மே என்றால் மே மாதம் இல்லை

கடிதத்தை மானேஜரே டைப் அடித்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறிகூட இருந்தது. 'என் பார்வைக் குறைவின் காரணமாக வான நீலத்துக்கும் நீர் நீலத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறியத் தவறினேன்' என்று தொடங்கி, 'என்னைப் பெட்டி அடைக்கும் பிரிவுக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிந்தது. நீலி அதை ஒரு தடவை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். காது மடல் இரண்டும் சூடேறிவிட்டது.

"பணிவுடன்னு வேற போட்டிருக்கீங்களே சார். அது என்னோட பணிவா, உங்களோடதா?"

"இதப் பாருங்கம்மா, உங்களை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்லலை. தலைமை ஆபீசுக்கு ஒரு பதில் சொல்லியாகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணும், அவ்வளவுதான்."

"போடலைன்னா?"

"போடலைன்னா அவங்களே முடிவு பண்ணிடுவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை. இப்பவே அழ ஆரம்பிச்சுடாதீங்க."

"அழுவேனா? நீலிக் கண்ணீர்னு சொல்லி நீங்க சிரிக்கறதுக்கா?" என்றாள். கடிதத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்று திங்கட்கிழமை.

நீலி என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான பன்னிரண்டு நிற வண்ணப்பெட்டி செய்யும் தொழிற்சாலை அது. தண்ணீரில் தொட்டுத் தீட்டும் வண்ணம். அங்கே இருபத்தேழு வருஷமாக வேலை பார்க்கிறாள், அதில் இருபத்திரண்டு வருஷம் நீலத்தோடு மட்டும். நகக்கண்ணில் நீலம், புடவைத் தலைப்பில் நீலம், தும்மினால் கைக்குட்டையில் நீலம். அரவை இயந்திரத்தை ஓட்டுகிறவர் ஒருநாள் "நீலி வந்துட்டா, வழி விடுங்கப்பா" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் இப்போது கிடையாது.

நிறம் பார்க்கும் மேஜை அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. முதல் ஐந்து வருஷம் தொட்டி கழுவினாள். ஒருநாள், அப்போது நிறம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் சரி என்று சொல்லி அனுப்பிய நீலத்தை இவள் திருப்பிக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்து, "இதுல பச்சை விழுந்திருக்கு" என்றாள். தொட்டி கழுவுகிறவளுக்கு என்ன தெரியும் என்று அவர் குதித்தார். இவளும் குதித்தாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் அரவையே நின்றுபோனது. கடைசியில் காகிதத்தில் இழுத்துக் காய வைத்துப் பார்த்தார்கள். பச்சைதான். அவர் மூன்றே மாதத்தில் வேறு இடம் தேடிக்கொண்டார். மேஜை இவளுக்கு வந்தது. கோபம்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

வேலை என்னவென்றால், அரைத்து வரும் பசை இரண்டு நீலத்திலும் கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருக்கும். வாளியில் பார்த்து எது எது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. கத்தி நுனியால் ஒரு பொட்டு எடுத்து வெள்ளைக் காகிதத்தின் தலையில் வைத்து, நனைத்த தூரிகையால் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். மேலே அடர்த்தியாக இருக்கும், இறங்க இறங்க வெளிறும். காயும்வரை காத்திருந்து, வெயில் நேராக விழாத ஜன்னலில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிறிய முனையில் கத்தரிப்பூச் சாயல் தெரிந்தால் வானம். பச்சை எட்டிப் பார்த்தால் தண்ணீர். ஈரமாக இருக்கும்போது அவள் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆனால் வானம், தண்ணீர் என்றெல்லாம் அங்கே யாரும் பேசுவதில்லை. படத்தில் வானம் மேலே இருக்கும், தண்ணீர் கீழே இருக்கும். ஆகவே ஒன்று மேல், இன்னொன்று கீழ். "அக்கா, மேல் முடிஞ்சுதா?" "முடிஞ்சுது, கீழ் ஏத்து." புதிதாக வருகிறவர்கள் இரண்டு நாள் முழிப்பார்கள், மூன்றாம் நாள் அவர்களும் அப்படியே பேசுவார்கள். வாளி மூடியில் ஒட்டும் சீட்டு விரல் அகலம்தான். அதனால் பன்னிரண்டாவது அரவை வான நீலம் என்றால் 'மே 12' என்று எழுதுவாள். ஒன்பதாவது அரவை நீர் நீலம் என்றால் 'கீ 9'. சீட்டு ஒட்டிய வாளிகள் சேமிப்பறைக்குப் போய் இரண்டு மூன்று மாதம் ஊறும். பிறகுதான் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் காய வைத்துப் பெட்டியில் பதிப்பார்கள்.

ஒரு வருஷமாக அவளுக்குப் புதிதாக ஒரு பழக்கம். காகிதத்தை ஜன்னலில் பிடிக்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்வாள். "நீலத்துக்குக் கண்ணடிக்கிறா பாரு! வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று அரவைக்காரர் கிண்டல் செய்வார். "தெரியும். அவருக்கு அடிச்சு அடிச்சு அலுத்துப்போச்சு" என்பாள். மொத்தப் பிரிவும் சிரிக்கும்.

அந்தச் சிரிப்பு போய் இப்போது மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தது. கூடவே ஒரு சிறுமி வரைந்த படத்தையும் அனுப்பியிருந்தார்கள். ஒரு படகு. அதற்கு மேலேயும் நீலம், கீழேயும் அதே நீலம். படகு ஆகாயத்தில் தொங்குவதுபோல் இருந்தது. படத்தின் ஓரத்தில் ஆசிரியை சிவப்பு மையில், 'கவனக்குறைவு. தண்ணீர் எங்கே?' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அப்புறம் வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கும் படம் இப்படியே வரவும்தான் பெட்டியைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் இரண்டு நீலக் கிண்ணத்திலும் வான நீலம்! நாலாயிரம் பெட்டி அப்படியே வெளியே போயிருந்தது.

மானேஜர் கோப்பைத் திறந்தார். நீர் நீலம் சரி என்று நீலியின் கையெழுத்து இருந்தது. பெட்டியிலோ நீர் நீலமே இல்லை. அப்படியானால் நீலிக்குக் கண் தெரியவில்லை. கணக்கு முடிந்தது! கோப்பைத் தாண்டி எழுந்து நாலு அடி நடந்து பார்க்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

நடந்து பார்க்காததற்கும் ஒரு காரணம் உண்டு. ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் சேமிப்பறைப் பொறுப்புக்கு அவருடைய மனைவியின் தம்பி வந்திருந்தான். அவருக்கு மட்டும்தான் அவன் மச்சினன், ஆனால் வாசல் காவலாளி முதல் டீ கொண்டுவருகிறவர்வரை எல்லோரும் அவனை மச்சினன் என்றே சொன்னார்கள். வந்த வாரமே, 'அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே வரக்கூடாது' என்று கதவில் எழுதி ஒட்டினான். நீலி இரண்டு தடவை வாளிகளைப் பார்க்கப் போனாள். இரண்டு தடவையும், "சீட்டு இருக்காக்கா?" என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததும் கடிதத்தைக் கணவரின் தையல் மெஷின்மேல் வீசினாள். அவர் வீட்டு முன்னறையிலேயே துணி தைக்கிறவர், அதிகம் பேசாதவர். படித்துவிட்டு, "பெட்டி அடைக்கிற பிரிவுல ஃபேன் இருக்குமே" என்றார்.

"ஏங்க, நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீங்க என்ன சொல்றீங்க? கண்ணு தெரியாதவள்னு எழுதிக் கொடுக்கச் சொல்றான்! நான் போட மாட்டேன். நாளைக்கே கண் டாக்டர்கிட்டப் போறேன். என் கண்ணு கல்லு மாதிரி இருக்குன்னு எழுதி வாங்கி அந்த ஆள் மேஜையில வைக்கிறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். காத்திருந்த பெஞ்சில் பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் மானேஜரின் அநியாயத்தைச் சொல்லி முடித்துவிட்டாள். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். எழுத்துப் பலகையைக் கடகடவென்று படித்த நீலி, பையிலிருந்து தன் காகிதங்களை எடுத்தாள். ஒன்றில் மேல், ஒன்றில் கீழ்.

"இந்தப் பலகை எல்லாம் எனக்கு வேண்டாம்மா. இதை வெச்சுப் பாருங்க. இதுதான் என் வேலை."

காகிதங்களை விளக்கொளியில் பிடித்தாள். பழக்கதோஷம், இடது கண் மூடிக்கொண்டது.

"ஏன் அந்தக் கண்ணை மூடறீங்க?" என்றாள் டாக்டர்.

"சும்மாதான். அப்படிப் பார்த்தா நல்லாத் தெரியும்."

"சரி, இப்ப மாத்தி மூடுங்க."

நீலி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கையில் இருந்தது இரண்டு காகிதம், ஆனால் ஒரே நீலம். இரண்டின் மேலும் டீத்தண்ணி தெளித்ததுபோல் ஒரு மங்கல். கையை எடுத்தாள், மறுபடி பொத்தினாள். வானமும் தண்ணீரும் ஒன்றாகவே இருந்தன.

"புரை ஆரம்பிச்சிருக்கு. ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும், பயப்பட ஒண்ணும் இல்லை. வலது கண்ணு இப்போதைக்கு நல்லா இருக்கு" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனாள். நீலிக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

சாயங்காலம் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கணவரிடம் நீட்டினாள். அவர் நீட்டியதை வாங்காமல் ஊசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தெரியும். ஊசி கோத்துக் கொடுன்னா முன்ன ஒரே குத்துல கோப்பே. இப்ப நூல் வெளியவே போகும். ரெண்டு மாசமா நானேதான் கோத்துக்கறேன். நீ கவனிக்கலை."

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களா?"

"சொன்னா கத்துவியே."

"கத்தத்தான் செய்வேன்! ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியலை!" கத்தினாள். கத்தி முடித்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். கோபம் இருக்கும்போது அவளுக்குத் தெம்பு இருக்கும். அன்றைக்குத் தெம்பு இல்லை. ஒருவேளை நிஜமாகவே நான்தான் தவற விட்டேனோ? என்றைக்காவது அவசரத்தில் இரண்டு கண்ணாலும் பார்த்துத் தொலைத்தேனோ? நாலாயிரம் பெட்டியும் என் கண்ணால்தானோ? அந்த எண்ணம் ஒரு வாய்ச் சோறு இறங்க விடவில்லை.

புதன்கிழமை நேராகச் சேமிப்பறைக்குப் போனாள். மச்சினன் வாசலில் நின்று, "சீட்டு..." என்று தொடங்கினான். "தள்ளு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவன் தள்ளினான்.

மேல்தட்டுகள் காலி. கீழ்த்தட்டில் தூசி படிந்து பதினான்கு வாளிகள். குனிந்து ஒவ்வொரு மூடியாகத் துடைத்துப் பார்த்தாள். கீ 7, கீ 8, கீ 9. எல்லாம் அவள் எழுத்து. மூடியைத் திறந்தால் கிழியும்படி விளிம்பில் அவள் ஒட்டிய காகிதப் பட்டை ஒன்றுகூடக் கிழியவில்லை. நீர் நீலத்தில் ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை! கீ 9-ஐத் திறந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து, காகிதத்தில் இழுத்து, காய்கிறவரை எழுந்திருக்காமல் இருந்தாள். வலது கண்ணால் பார்த்தாள். பச்சை எட்டிப் பார்த்தது. அவள் பார்த்து அனுப்பியது சரியாகத்தான் இருந்தது.

"இதை ஏன்டா எடுக்கலை?"

"அது கீழ் வாளிக்கா. கீ-ன்னா கீழ்னு லோடு தூக்கறவர் சொன்னார். அதான் கீழ்த்தட்டுல வெச்சேன்."

"அப்ப மேலை எடுத்து ரெண்டு கிண்ணத்துக்கும் ஊத்தக் கொடுத்தியா?"

"மேலா? எந்த மேல்?" மச்சினன் நிஜமாகவே முழித்தான். காலித் தட்டில் தொங்கிய அட்டையைக் காட்டினான். அவன் கையாலேயே முத்து முத்தாக எழுதியிருந்தது: 'மே மாதச் சரக்கு. பழையது. முதலில் வெளியேற்றவும்.' "மே பத்து, மே பதினொண்ணு, மே பன்னிரண்டுன்னு தேதி போட்டிருந்தீங்களே. பழைய சரக்கை முதல்ல அனுப்பணும்னு மாமாதான் சொன்னார். நீலம் எல்லாம் நீலம்தானேக்கா?"

நீலிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பக்கத்து அறைவரைக்கும் கேட்கும்படி சிரித்தாள். மே மாதமாம்! இருபத்திரண்டு வருஷம் இவள் வானத்துக்குத் தேதி போட்டுக்கொண்டிருந்தாளாம்! சிரித்து முடிந்ததும் அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. ஒரு 'ல்' இல்லாததற்கு இவள் கண்ணைப் பிடுங்கப் பார்த்தார்கள். அட்டையைக் கொக்கியோடு கழற்றிக்கொண்டாள்.

இனி வெள்ளிக்கிழமைதான் மிச்சம். வியாழன் முழுக்க அவள் யோசித்தது அட்டையைப் பற்றி அல்ல, டாக்டர் சீட்டைப் பற்றி. அதைக் காட்டத் தேவையே இல்லை. பேசாமல் பீரோவில் வைத்துப் பூட்டினால் யாருக்குத் தெரியும்? கணவரும் அதையேதான் சொன்னார். ஆனால் அவளுக்கு அது ஒப்பவில்லை. தான் பார்க்காமல் ஒரு நிறத்துக்கும் கையெழுத்துப் போடாதவள், தன் கண்ணைப் பற்றி மட்டும் எப்படிப் பொய்க் கையெழுத்துப் போடுவாள்?

வெள்ளிக்கிழமை காலையில் மானேஜர் மேஜையில் மூன்றை வரிசையாக வைத்தாள். மூடியில் பட்டை கிழியாத ஒரு முழு வாளி. மச்சினன் எழுதிய அட்டை. அவளே கையால் எழுதிய விடுப்புக் கடிதம். 'இடது கண்ணில் புரை ஆரம்பித்திருப்பதால் அறுவை சிகிச்சைக்காக' என்று அதில் இருந்தது.

வாளியையும் அட்டையையும் பற்றி அவள் சொல்லச் சொல்ல மானேஜரின் முகம் தொங்கிக்கொண்டே போனது. மூன்றாவது காகிதத்தைப் படித்ததும் பளிச்சென்று நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்ல, கண்ணுல கோளாறுன்னு!"

"ஆமா சார். என் கண்ணுல என்ன இருக்குன்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன். உங்க மச்சினனுக்கு என்ன இருக்குன்னு இப்ப நீங்க எழுதிக் கொடுங்க."

மானேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் பேசினார். "அம்மா, கொஞ்சம் புரிஞ்சுக்குங்க. அவன் பேரைப் போட்டு எழுதினா அவன் அக்கா எனக்குச் சோறு போட மாட்டா."

"என் பேரைப் போட்டு எழுதினா எனக்கு யார் சார் சோறு போடுவா?"

அவர் ஒரு தாளை எடுத்தார். 'சிறிய எழுத்துக் குழப்பத்தால்' என்று தொடங்கினார். "யாரோட குழப்பம்?" என்றாள். கிழித்துப் போட்டு இன்னொன்று எடுத்தார். சேமிப்பறைப் பொறுப்பாளர் மூடியில் இருந்த குறியைத் தேதி என்று தவறாக நினைத்துவிட்டார் என்று எழுதினார். கடைசியில், போனால் போகிறது என்பதுபோல், 'நிறம் பார்ப்பவரின் பார்வையில் எந்தக் குறையும் இல்லை' என்று சேர்த்தார்.

"அந்தக் கடைசி வரியை அடிங்க சார்."

"ஏன்? உங்களுக்கு நல்லதுதானே?"

"அது பொய். பார்வையில குறை இருக்கு. பார்த்து அனுப்பினதுலதான் குறை இல்லை. அப்படி எழுதுங்க."

அதை அடித்துவிட்டு அப்படியே எழுதினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வராது என்று அவளுக்கும் தெரியும். திங்கட்கிழமை கொடுத்த கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து, அந்தப் 'பணிவுடன்' நடுவில் வரும்படியாகக் கிழித்து அவருடைய குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் சேமிப்பறைக்குப் போய் பதினான்கு மூடியிலும் பெரிய தூரிகையால் 'தண்ணி, தண்ணி, தண்ணி' என்று முழுசாக எழுதினாள். மச்சினன் ஒவ்வொரு வாளியாகப் பிடித்துக் கொடுத்தான்.

அறுவை சிகிச்சை முடிந்து பத்தாம் நாள். கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக வீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சிறுமியின் படகுப் படம். கோப்பிலிருந்து அதைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். பக்கத்தில் புதுப் பெட்டி ஒன்று. அதன் இரண்டு நீலத்தையும் காலையிலேயே காகிதத்தில் இழுத்து, இடது கண்ணால் தனியாக ஒரு தடவை, வலது கண்ணால் தனியாக ஒரு தடவை பார்த்துவிட்டாள். பேனாவை எடுத்தாள்.

'பாப்பா, உன் படகு ஆகாசத்தில் நிற்கிறது என்று டீச்சர் திட்டினார்கள் அல்லவா? நீ சரியாகத்தான் போட்டிருக்கிறாய். பெட்டியில்தான் தப்பு. உன் கவனத்திலும் குறை இல்லை, கண்ணிலும் குறை இல்லை. நான் இந்த நீலத்தைப் பார்க்கிறவள். அதனால் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை டீச்சரிடம் காட்டு.'

எழுதி முடிப்பதற்குள் கன்னம் நனைந்துவிட்டது. தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கணவர் திரும்பிப் பார்த்தார். "என்ன, நீலிக் கண்ணீரா?"

"சொட்டு மருந்து" என்றாள்.

"மருந்து போட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சே."

"உங்க வேலையைப் பாருங்க."

அவர் ஊசியையும் நூலையும் அவள் பக்கம் நீட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே குத்தில் கோத்துக் கொடுத்தாள். அப்புறம் அந்தச் சிவப்பு மை எழுத்து மறுபடி கண்ணில் பட்டது. கவனக்குறைவாம்! பேனாவைத் திரும்ப எடுத்து, கடிதத்தின் அடியில் அழுத்தி எழுதினாள்:

'டீச்சர் கவனக்குறைவு என்று எழுதியதைத் தன் கையாலேயே அடித்தார்களா என்று பதில் போடு. அடிக்கவில்லை என்றால் சொல், நான் நேரில் வருகிறேன்.'